பாதி ரஷ்யா பிராகில் இருக்கிறது

திங்கள்

பிராகில் சார்லஸ் பாலத்துக்கு நடந்து போகிற எல்லோரும் கிளெமென்டினும் என்ற பழைய கல்லூரி வளாகத்தின் சுவரை ஒட்டித்தான் போகிறார்கள். பெரும்பாலானவர்கள் நிற்காமல் பாலத்தில் ஏறிவிடுகிறார்கள். நான் இந்த ஊருக்கு வந்ததே அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கிற ஒரு நூலகத்துக்காக. செக் தேசிய நூலகம் இருப்பது இந்த வளாகத்தில். அதற்குள்ளேயே ஸ்லாவ் நூலகம் என்று, ரஷ்யர், உக்ரைனியர், செக்குகள் போன்ற ஸ்லாவ் இன மக்களின் நூல்களுக்கான தனித்தொகுப்பு ஒன்று உண்டு. 8 லட்சத்துக்கும் மேல் நூல்கள்.

ஏன் இதற்கென்று ஒரு பயணம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ரஷ்ய இலக்கியம் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சல்லிசான விலைக்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். அவற்றின் மேல் எனக்கு இன்றைக்கும் பாசம் குறையவில்லை, அவை இல்லாவிட்டால் சென்னை ரஷ்யக் கலாச்சார மையத்தில் போய் உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றிருக்கவே மாட்டேன். ஆனால் மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் தெரிந்தது, நமக்கு வந்து சேர்ந்தது ஒரு பாதி. 1917-க்குப் பிறகு நாட்டை விட்டு ஓடியவர்கள் எழுதியது, அச்சிட்டது, சண்டை போட்டுக்கொண்டது எதுவும் அந்தக் கெட்டி அட்டைகளுக்குள் இல்லை. அந்த மறுபாதியில் பெரும்பங்கு பிராகில் இருக்கிறது.

இன்று வெறும் சுற்றிப்பார்த்தல்தான். ஏசு சபையினர் 1556-ல் பிராகுக்கு வந்து கட்ட ஆரம்பித்த கல்லூரி இது. 1773-ல் சபை கலைக்கப்பட்டது, 1777-ல் மரியா தெரேசா இங்கே இருந்த நூல்களைப் பொது நூலகமாக ஆக்கினார். 1722-ல் முடிந்த பரோக் மண்டபத்தை வாசலில் நின்று எட்டிப் பார்க்க மட்டுமே விடுகிறார்கள். வரிசையாக உலக உருண்டைகள், மேலே ஓவியக் கூரை, தோல் அட்டைப் புத்தகங்கள். அழகுதான், மறுக்கவில்லை. கோபுரத்தில் 172 படி ஏறினால் ஊர் முழுக்கச் சிவப்பு ஓட்டுக் கூரைகளாகத் தெரிகிறது. 1775-லிருந்து இங்கே வெப்பநிலையைக் குறித்துவைக்கிறார்களாம், இரண்டரை நூற்றாண்டுக் கணக்கு. சுற்றுலாக் கூட்டம் இறங்கிப் போன பிறகு முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாசகர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேறொரு கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அந்தக் கதவு.

செவ்வாய்

கடவுச்சீட்டைக் காட்டிப் பெயரைப் பதிந்து, சிறிய கட்டணம் கட்டி, வாசகர் அட்டை வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டுக்காரன் என்று யாரும் குடைந்து குடைந்து கேட்கவில்லை. பையைப் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு நோட்டு, பென்சிலோடு உள்ளே போக வேண்டும்.

இந்த நூலகத்தைத் தொடங்கியது செக்கோஸ்லோவாக்கிய வெளியுறவு அமைச்சகம், 1924-ல். வெளியுறவு அமைச்சகத்துக்கு ஏன் நூலகம்? கதை அங்கேதான் இருக்கிறது. புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் பெர்லின், பாரிஸ், பெல்கிரேட், ஹார்பின் என்று சிதறினார்கள். அப்போது செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. அதன் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக் ஒரு தத்துவப் பேராசிரியர். ரஷ்யாவைப் பற்றிப் பெரிய ஆய்வு எழுதியவர். 1917-ல் ரஷ்யாவிலேயே இருந்துகொண்டு, அங்கே இருந்த செக், ஸ்லோவாக் போர்க்கைதிகளை ஒரு படையாகத் திரட்டியவர். 1921-ல் அவருடைய அரசு 'ரஷ்ய உதவி நடவடிக்கை' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மற்ற நாடுகள் அகதிகளுக்குச் சோறும் கூடாரமும் கொடுத்தபோது, இவர்கள் அதோடு நிற்காமல் மாணவர்களையும் பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையும் தேடித் தேடி வரவழைத்து உதவித்தொகை கொடுத்தார்கள். புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகள் நெடுநாள் நிலைக்க மாட்டார்கள், பிறகு அமையப்போகும் ஜனநாயக ரஷ்யாவுக்குப் படித்தவர்கள் வேண்டும், அவர்களை நாம் தயார் செய்து அனுப்புவோம் என்பது மசாரிக்கின் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் செலவழித்த பணத்தில்தான் இங்கே ரஷ்யக் கல்வி நிறுவனங்கள், உக்ரைனியப் பல்கலைக்கழகம், பத்திரிகைகள், இந்த நூலகம் எல்லாம் உண்டாயின.

பேராசிரியர்கள் வந்தார்கள், மாணவர்கள் வந்தார்கள், சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? அங்கேதான் விளாதிமிர் துக்கலேவ்ஸ்கி வருகிறார். அவரும் ரஷ்யாவிலிருந்து வந்தவர், நூல்விவரணம், அதாவது எந்த நூல் எங்கே எப்போது வந்தது என்று தேடிப் பட்டியலிடுவது, அவருடைய துறை. முதலில் வெறும் 'ரஷ்ய நூலகம்' என்று ஆரம்பித்ததை, எல்லா ஸ்லாவ் மக்களுக்குமான நூலகமாக விரித்தார்கள். உக்ரைனியம், பெலாரூசியம், போலிஷ், செர்பியம், குரோவாசியம், பல்கேரியம் எல்லாம் சேர்ந்தன. குரோவாசிய மொழியியலாளர் மிலான் ரெஷெதார் துப்ரோவ்னிக் நகரத்தைப் பற்றியும் அங்கே எழுதப்பட்டவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த நூல்களை, 1920-களின் கடைசியில் அப்படியே விலைக்கு வாங்கினார்கள். 1929-ல் நூலகம் கிளெமென்டினுக்குள் குடிவந்தது. துக்கலேவ்ஸ்கி 1936-ல் இறந்தார். ரஷ்யா என்றால் எல்லோருக்கும் படைத்தளபதிகளும் தலைவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். பன்னிரண்டே வருடத்தில் இப்படி ஒரு தொகுப்பைக் கட்டி எழுப்பிய மனிதரின் பெயர் ரஷ்ய இலக்கியம் பேசுகிற எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பதிவைப் படிக்கிறவர்களாவது அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அட்டவணையில் தேடிச் சில தொகுதிகளைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாமே இந்தக் கட்டடத்தில் இல்லை, ஒரு பகுதி ஹோஸ்திவாரில் இருக்கிற கிடங்கிலிருந்து வர வேண்டும். நாளைக்குத்தான் கிடைக்கும்.

புதன்

'வோல்யா ரஸீ', 1927.

கேட்ட தொகுதி வந்துவிட்டது. தலைப்புக்கு 'ரஷ்யாவின் விருப்புறுதி' என்று சொல்லலாம், 'ரஷ்யாவின் விடுதலை' என்றும் சொல்லலாம். போல்ஷ்விக்குகளை எதிர்த்து வெளியேறிய சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிக்காரர்கள் நடத்திய பத்திரிகை இது. 1920-ல் நாளிதழாகத் தொடங்கி, பிறகு மாத இதழாகி, 1932 வரை பிராகிலிருந்து வந்தது. பைண்டு செய்த தொகுதி கையில் கனக்கிறது. தாளின் ஓரம் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது, பக்கத்தைப் புரட்டும்போது மூலையைப் பிடிக்காமல் நடுவில் விரல் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பொடியாக உதிர்கிறது. அச்சு மட்டும் இன்னும் கருப்பாக, தெளிவாக இருக்கிறது.

நான் இந்தத் தொகுதியைக் கேட்டதற்குக் காரணம் யெவ்கேனி ஸம்யாத்தின். வருங்காலச் சர்வாதிகார அரசு ஒன்றைக் கற்பனை செய்த அவருடைய 'நாங்கள்' நாவல் புரட்சி முடிந்த சூட்டோடு எழுதப்பட்டது, சோவியத் நாட்டில் அச்சேற விடவில்லை. 1924-ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது, அப்புறம் செக் மொழியில். 1927-ல் இந்தப் பத்திரிகை அதிலிருந்து சில பகுதிகளை ரஷ்ய மொழியில் போட்டது. ஆசிரியர்களில் ஒருவரான மார்க் ஸ்லோனிம், லெனின்கிராடில் இருக்கிற ஸம்யாத்தினுக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக, இது செக் மொழியிலிருந்து திரும்ப மொழிபெயர்த்தது என்று சொல்லி, வாக்கியங்களை அங்கங்கே மாற்றியும் வைத்தார். அந்தக் காப்பு உதவவில்லை. 1929-ல் ஸம்யாத்தின் மேல் பெரிய வசைமாரியே நடந்தது, அதற்குக் காட்டிய முக்கியச் சான்று பிராகில் வெளியான இந்தப் பக்கங்கள். 1931-ல் அவர் நேராக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டார். கிடைத்தது. 1937-ல் பாரிஸில் இறந்தார். சோவியத் வாசகர் தன் நாட்டில் அச்சான 'நாங்கள்' நாவலைக் கையில் எடுக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கங்கள்தான் என் முன்னால் மேசை மேல் திறந்து கிடந்தன. ஒரு எழுத்தாளனின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட தாள்கள், சாதாரண மாத இதழின் தாள்கள்தான், முன்னால் ஒரு கதை, பின்னால் ஒரு அரசியல் கட்டுரை. நான் நெடுநேரம் வாசிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி ஒரு பல்கேரிய அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு அது ஒரு சாதாரண புதன்கிழமை.

மரினா த்ஸ்வெதாயெவா பெயரும் இந்த இதழில் தொடர்ந்து வருகிறது. 1922 முதல் 1925 வரை இந்த நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்தவர், அரசு உதவித்தொகையில் குடும்பத்தை ஓட்டியவர். அவருடைய மிகப் பெரிய கவிதைகள் சில இங்கே எழுதப்பட்டவை. சார்லஸ் பாலத்துக்குக் கீழே நிற்கும் புருன்ஸ்விக் வீரன் சிலையைத் தனக்கு நெருங்கியவனாகச் சொல்லிக்கொண்டார்.

மாலையில் நூலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற ஊஹெல்னி ட்ர்ஹ் சதுக்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டில் 1787-ல் மோட்சார்ட் தங்கியிருந்தார். அதே வீட்டில்தான் பின்னாளில் 'வோல்யா ரஸீ' அலுவலகம் இருந்தது. சுவரில் மோட்சார்ட்டுக்குக் கல்வெட்டு இருக்கிறது, எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். கல்வெட்டை விட்டுவிட்டு ஜன்னல்களை எடுத்தேன்.

வியாழன்

இன்றைக்கு ஸ்மிர்தின்.

அலெக்சாந்தர் ஸ்மிர்தின் புஷ்கின் காலத்துப் பீட்டர்ஸ்பர்க் புத்தகக் கடைக்காரர். வசீலி பிளவீல்ஷிகோவ் என்ற கடைக்காரரிடம் உதவியாளாகச் சேர்ந்தவர். 1823-ல் முதலாளி இறந்தபோது கடையும் வாடகை நூலகமும் இவர் கைக்கு வந்தன. 1832-ல் நெவ்ஸ்கி பெருவீதிக்குக் கடையை மாற்றியபோது வைத்த விருந்துக்குப் புஷ்கினும் கிரிலோவும் வந்திருந்தார்கள். எழுதுகிறவருக்கு ஒழுங்காகக் காசு கொடுக்க வேண்டும் என்பதை ரஷ்யப் பதிப்புத் தொழிலில் வழக்கமாக்கியவர் இவர்தான், புஷ்கினுக்கே நல்ல தொகை கொடுத்தவர். கடைசியில் கடனாளியாகி நொடித்துப்போனார்.

அவருடைய வாடகை நூலகம் கைமாறிக் கைமாறி ரீகாவில் ஒரு புத்தக வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே கேட்பாரில்லாமல் கிடந்ததைக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? துக்கலேவ்ஸ்கிதான். 1932-ல் அதை வாங்கிப் பிராகுக்குக் கொண்டுவந்தார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரஷ்யாவில் அச்சானவை, ஆயிரக்கணக்கில். இது அரண்மனைத் தொகுப்பு இல்லை, காசு கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய் ஊர் ஜனங்கள் படித்த நூலகம். அரண்மனைக்காரர்கள் வாங்கிவைக்காத மூன்றாந்தர நாவல்கள், திகில் கதைகள், மொழிபெயர்ப்புகள், கையேடுகள் எல்லாம் இதில் உண்டு. அந்தக் காலத்து ரஷ்ய வாசகன் உண்மையில் எதைப் படித்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் எந்த நாட்டு நூலகமும் முதலில் கழித்துக் கட்டும். நம் ஊரில் நூறு வருடத்துக்கு முன்னால் வந்த துப்பறியும் நாவல்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

மதியத்துக்கு மேல் செய்தித்தாள்கள். ரஷ்ய, உக்ரைனிய, பெலாரூசியப் புலம்பெயர்ந்தோர் 1918 முதல் 1945 வரை வெளியிட்ட இதழ்களின் தொகுப்பை 2007-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இதில் சில மூன்று நான்கு இதழோடு நின்றுபோனவை. முடியாட்சிக் கட்சிக்காரர்களின் பேப்பர் போல்ஷ்விக்குகள் கொண்டுவந்த புதிய எழுத்துமுறையைத் தொட மாட்டேன் என்று பழைய எழுத்துகளோடே அச்சாகியிருக்கிறது. தலையங்கங்களை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன், ஒரே மாதிரி கோபம், ஒரே மாதிரி நம்பிக்கை, அடுத்த வசந்தத்தில் ஊர் திரும்பிவிடுவோம் என்று. கடைசிப் பக்கச் சிறு விளம்பரங்கள்தான் பிடித்து நிறுத்தின. தையல் வேலை செய்யப்படும், பிரெஞ்சு கற்றுத்தரப்படும், ரஷ்யச் சாப்பாடு கிடைக்கும். அவற்றுக்கு நடுவே, காணாமற்போன அண்ணனையோ கணவனையோ தேடுகிறவர்களின் அறிவிப்புகள். படைப்பிரிவின் பெயர், கடைசியாகப் பார்த்த துறைமுகம், இங்கே எழுதவும் என்று ஒரு முகவரி. இலங்கையிலிருந்து வெளியேறியவர்களின் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளி

உக்ரைன் பக்கம் இன்றைக்கு. குறைவாகத்தான் பார்க்க முடிந்தது, நூலகத்தில் அரை நாள்தான் இருந்தேன்.

பிராகில் உக்ரைனிய விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் என்று ஒன்று 1925-ல் தொடங்கப்பட்டது. இயக்குநர் திமித்ரோ அந்தோனோவிச், கலை வரலாற்றாளர். சில ஆண்டுகளே நிலைத்த தங்கள் குடியரசின் ஆவணங்கள், நூல்கள், சீருடைகள், முகாம்களில் அச்சிட்ட இதழ்கள் எல்லாவற்றையும் உலகெங்கும் சிதறிக் கிடந்தவர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்தார்கள், சொந்தக் கட்டடத்துக்கு நன்கொடையும் திரட்டினார்கள். 1945 பிப்ரவரி 14-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் பிராகில் குண்டு வீசியதில் அந்தக் கட்டடம் சேதமானது. 1948-ல் அருங்காட்சியகத்தையே மூடிவிட்டார்கள். இருந்தவை பல திசைக்குப் போயின, அதில் ஒரு பங்கு ஸ்லாவ் நூலகத்துக்கு வந்தது.

'ஸ்லாவ்' என்ற ஒரே கூரைக்குக் கீழே ரஷ்யனையும் உக்ரைனியனையும் போட்டுவைத்திருக்கிறார்களே என்று இன்றைய நிலையில் நமக்கு உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. ஆனால் அட்டவணைக்குள் போய்ப் பார்த்தால் உக்ரைனியத் தொகுப்பு தன் பெயரில், தன் மொழியில், யாருக்கும் பின்னிணைப்பாக இல்லாமல் நிற்கிறது. சோவியத் காலத்தில் கீவிலேயே வைத்திருக்க முடியாத பிரசுரங்கள் இங்கே இருந்தன. 2022-க்குப் பிறகு செக் நாட்டுக்கு லட்சக்கணக்கில் உக்ரைனியர்கள் வந்திருக்கிறார்கள், டிராமில் ஏறினால் அந்த மொழி காதில் விழாமல் இறங்க முடியாது. அவர்களுடைய பாட்டன் காலத்து அகதிகள் அச்சிட்டவை வல்தாவா ஆற்றங்கரையில் அவர்களுக்காகக் கிடைக்கின்றன.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு நினைவும் வரும். கமில் சுவெலபில் பிறந்தது, தமிழ் கற்பித்தது எல்லாம் இங்கேதான். 1968-ல் சோவியத் டாங்குகள் நுழைந்த பிறகு அவரும் வெளியேறியவர். ஒரு காலத்தில் அகதிகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்ட நகரமே பின்னால் தன் ஆட்களை அகதியாக அனுப்பியது.

சனி

காலையில் ஓல்ஷானி கல்லறைத் தோட்டம். ரஷ்யர்களுக்கென்று தனிப் பகுதியும், 1920-களில் அவர்கள் காசு சேர்த்துக் கட்டிய சிறிய கோயிலும் உண்டு. நகைச்சுவை எழுத்தாளர் அவெர்சென்கோ இங்கே இருக்கிறார், 1925-ல் இறந்தவர். பைசாந்தியக் கலையின் பேரறிஞர் கொந்தகோவ் அதே ஆண்டு இறந்தார், அவரும் இங்கேதான். நாவலாசிரியர் நபக்கோவின் தாயார் 1939-ல் இந்த ஊரில் இறந்தார், அவரும் இங்கே. பாசி படிந்த சிலுவைகளில் பழைய எழுத்துமுறை, இரண்டு நாளாகச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்த அதே எழுத்துகள்.

பிறகு ஹ்ராச்சனி சதுக்கத்துக்கு ஏறினேன், டஸ்கனி அரண்மனையைப் பார்க்க. கோட்டை வாசலுக்கு எதிரே, சதுக்கத்தின் மறுகோடியில் இருக்கிற நீண்ட கட்டடம் அது, இப்போது வெளியுறவு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. 1923-ல் ஆரம்பித்த ரஷ்ய வெளிநாட்டு வரலாற்று ஆவணக்காப்பகம் இங்கேதான் இயங்கியது. ஸ்லாவ் நூலகம் அச்சான நூல்களைச் சேர்த்தது என்றால், இவர்கள் நாட்குறிப்புகள், கடிதங்கள், படைத் தளபதிகளின் காகிதங்கள், நினைவுக் குறிப்புகள் எல்லாம் சேர்த்தார்கள், கூடவே பத்திரிகைகளும். நாடு திரும்பும்போது எடுத்துப் போகலாம் என்றுதான் மக்கள் நம்பிக் கொடுத்தார்கள்.

1945 மே மாதம் செஞ்சேனை பிராகுக்குள் வந்தது. அதோடு ஸ்மெர்ஷ் உளவுப் பிரிவும் வந்து புலம்பெயர்ந்தோரைக் கைது செய்ய ஆரம்பித்தது. காப்பகத்தின் நூல், இதழ்ப் பிரிவைப் பல வருடம் கவனித்துக்கொண்ட செர்கேய் போஸ்த்னிகோவைப் பிடித்துச் சோவியத் முகாமுக்கு அனுப்பினார்கள். தஸ்தயேவ்ஸ்கி ஆய்வாளர் ஆல்ஃபிரெட் பேம் அதே மாதம் கைதாகிக் காணாமற்போனார். செக்கோஸ்லோவாக்கிய அரசு அந்த ஆவணக்காப்பகத்தைச் சோவியத் அறிவியல் கழகத்துக்குப் 'பரிசாக' அளிக்க முடிவு செய்தது. டிசம்பரில் 9 ரயில் பெட்டிகளில், 650 மரப்பெட்டிகளில் ஏற்றினார்கள், 1946 ஜனவரித் தொடக்கத்தில் மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. அங்கே வரலாற்றாளர்களுக்கு முன்னால் அதைத் திறந்தவர்கள் பாதுகாப்புத் துறைக்காரர்கள். அதில் இருந்த பெயர்களை எடுத்துத் தேடப்படுவோர் பட்டியல் தயாரித்தார்கள். நம்பிக் கொடுத்த நாட்குறிப்பு கொடுத்தவர் மேலேயே குற்றச்சாட்டாகத் திரும்பிய இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. 1980-களின் கடைசி வரைக்கும் அவை பூட்டிக் கிடந்தன.

அச்சான இதழ்களிலும் நூல்களிலும் பெரும்பகுதி ரயில் ஏறவில்லை. அது கீழே, ஸ்லாவ் நூலகத்துக்கு வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாற்பது வருடமும் அவற்றை எல்லோரும் கேட்டு வாங்கிப் படித்துவிட முடியாது, ஆனாலும் யாரும் எரிக்கவில்லை, கழிவுத்தாளுக்குப் போடவில்லை. அலமாரியில் நின்றன. அவற்றைத் தூசி தட்டி, எண் மாற்றாமல், இடம் மாற்றாமல் வைத்திருந்த நூலகர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆக, பிராகில் இதழ் நடத்திய ஒருவரைப் பற்றி இன்று ஆராய்கிறவர் அவர் வெளியிட்டதைக் கிளெமென்டினுக்கு வந்து படிக்க வேண்டும், அவருடைய கடிதங்களை மாஸ்கோ அரசு ஆவணக்காப்பகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இரண்டு இடத்துக்கும் போய்வருவது பலருக்கு முடியாத காரியம்.

நேரில் வந்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: ஸ்தரோமெஸ்த்ஸ்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கடவுச்சீட்டை மறக்க வேண்டாம். வருவதற்கு முன்பே இணைய அட்டவணையில் தேடி நூல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், கிடங்கிலிருந்து வர வேண்டியவற்றை முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரஷ்ய மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், 'வோல்யா ரஸீ' தொகுதிகளைச் சொல்வேன்.